நின்றவருடையதா, நிறுத்தியவருடையதா? பழைய ஸ்டுடியோ உருவப்படங்களின் தோரணையையும் குறியீட்டையும் வாசிக்க முழுமையான வழிகாட்டி

பழைய ஸ்டுடியோப் படம் ஒன்றைக் கையில் எடுத்ததும் கண் நேராக முகத்துக்குத்தான் போகும். உடனே மனம் கதை கட்டத் தொடங்கிவிடும். இவர் ஏன் இப்படி முறைக்கிறார்? அந்த அம்மாள் ஏன் கறுப்பு உடுத்தியிருக்கிறார், வீட்டில் ஏதாவது துக்கமா? இப்படிக் கட்டும் கதைகளில் பல தவறிப்போவதற்குக் காரணம், கேமராவின் கட்டாயத்தால் நேர்ந்ததையும் மனிதர் விரும்பிச் செய்ததையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான்.

1839 முதல் ஏறத்தாழ 1890 வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட ஸ்டுடியோ உருவப்படங்களை வாசிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எந்தத் தோரணையைக் கண்டாலும் கருவி அதை வற்புறுத்தியதா என்று முதலில் கேட்க வேண்டும். கருவியின் பங்கைக் கழித்த பிறகு எஞ்சுவதற்கே பொருள் தேட வேண்டும். பொருள் கிடைத்த பின்னும் அது யாருடையது, கேமராவின் முன் நின்றவருடையதா, அவரை அப்படி நிறுத்தியவருடையதா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

முதல் படி: படம் எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

பாரிஸில் 1839 ஆகஸ்ட் 19 அன்று செய்முறை வெளியிடப்பட்ட டாகரோடைப், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிந்த படம். கண்ணாடி போலப் பளபளக்கும். சாய்த்துப் பார்த்தால் வெளிச்சமான இடம் இருளாகவும் இருளான இடம் வெளிச்சமாகவும் மாறும். ஆம்ப்ரோடைப் கண்ணாடித் தகட்டில் பதிந்தது. அது இப்படி மாறாது. டின்டைப் மெல்லிய இரும்புத் தகடு என்பதால் காந்தம் ஒட்டும். அட்டையில் ஒட்டிய காகிதப் படமாக இருந்தால் அது பெரும்பாலும் கார்ட் டி விசீட் அல்லது கேபினெட் கார்டு. முன்னதன் அட்டை ஏறத்தாழ 6.3 × 10 சென்டிமீட்டர். 1860களின் நடுவில் வந்த பின்னது ஏறத்தாழ 10.8 × 16.5 சென்டிமீட்டர்.

இதைத் தெரிந்துகொள்வது சேகரிப்பாளர்களின் வேலை, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் டாகரோடைப்பும் டின்டைப்பும் இடவலம் மாறிய படங்கள். நெகட்டிவிலிருந்து காகிதத்தில் எடுத்த பிரதிதான் நேராக இருக்கும். மோதிரம் எந்தக் கையில் இருக்கிறது, சட்டை எந்தப் பக்கம் மூடுகிறது, சுத்தியலை எந்தக் கை பிடிக்கிறது என்பதற்கெல்லாம் பொருள் சொல்வதற்கு முன்னால் இதைச் சரிபார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பில்லி தி கிட் படத்தைவிட நல்ல சான்று கிடையாது. அமெரிக்க மேற்குப் பகுதியின் அந்தத் துப்பாக்கிக்காரரின் டின்டைப்பில் கைத்துப்பாக்கியின் உறை அவருடைய இடப்பக்கம் தொங்குவதாகத் தெரிவதால், அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. விடை அதே படத்தில், அவர் ஊன்றி நிற்கும் நீளத் துப்பாக்கியில்தான் இருந்தது. வின்செஸ்டர் 1873 மாதிரியில் தோட்டா நுழைக்கும் வாயில் வலப்பக்கம் இருக்கும்; படத்தில் அது இடப்பக்கம் தெரிகிறது. ஆக, மாறியிருந்தது மனிதரின் கை அல்ல, தகடு.

அட்டைப் படத்தில் பின்புறத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 1864இன் பிற்பகுதி முதல் 1866 ஆகஸ்ட் வரை புகைப்படங்களுக்கு வரி இருந்தது. அந்த வரி முத்திரை ஒட்டியிருந்தால் காலம் இரண்டே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாம் படி: எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தார் என்று கணக்கிடுங்கள்

தொடக்க கால டாகரோடைப்புக்குப் பல நிமிட வெளிச்சம் தேவைப்பட்டது. 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த, அதிக ஒளியை உள்வாங்கும் உருவப்பட லென்ஸும் தகட்டின் உணர்திறனைக் கூட்டும் வேதிப்பொருள்களும் வந்த பிறகே அந்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. நியூயார்க்கில் 1840இலும் லண்டனில் 1841இலும் முதல் ஸ்டுடியோக்கள் திறக்கப்பட்டன. 1851இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிவித்த ஈரக் கொலோடியன் முறை (கண்ணாடித் தகட்டில் வேதிக்கரைசல் பூசி, அது காய்வதற்குள் படமெடுப்பது) நேரத்தைச் சில விநாடிகளாகக் குறைத்தது. உலர் தகடுகள் பரவிய 1880களில்தான் அசையாமல் இருப்பது ஒரு தண்டனையாக இல்லாமல் போனது.

விநாடிகள்தானே என்று எண்ண வேண்டாம். ஏதோ ஒன்றை வெறித்துப் பார்த்தபடி, கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பத்து விநாடி ஆடாமல் இருந்து பாருங்கள். விரல் நுனி முதலில் நடுங்கும், பிறகு தலை மெல்ல ஊசலாடும். அதனால்தான் அந்தக் காலப் படங்களில் கை எப்போதும் எதன் மேலாவது ஊன்றியிருக்கிறது: மேசை, நாற்காலியின் முதுகு, தன் தொடை, பக்கத்திலிருப்பவரின் தோள். பின்னால் இரும்புத் தண்டில் பொருத்திய தலைதாங்கி ஒன்று பிடரியை இரு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும். நிற்பவரின் காலணிக்குப் பின்னாலோ பாவாடை விளிம்புக்கு அருகிலோ கனத்த அடிப்பாகம் எட்டிப் பார்த்தால் அது இந்தத் தாங்கியின் கால்தான்.

சிரிப்பு இல்லாததற்கும் இதுவே காரணம் என்று சொல்வார்கள். பாதி உண்மை. பிடித்து வைத்த சிரிப்பு சில விநாடிகளில் இளிப்பாக மாறிவிடும் என்பது சரி. ஆனால் நேரம் குறைந்த பிறகும் ஸ்டுடியோக்களில் பலர் சிரிக்கவில்லை. ஓவிய உருவப்படங்களின் மரபில் பல் தெரியச் சிரிப்பது குடிகாரருக்கும் கோமாளிக்கும் சிறுவருக்கும் உரியது. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ எடுத்துக்கொள்ளும் படத்தில் அப்படித் தெரிய யார் விரும்புவார்கள்? எனவே மூடிய உதட்டைச் சோகம் என்று வாசிக்காதீர்கள்; அது கண்ணியம் என்று அவர்கள் கருதியது.

மூன்றாம் படி: நிறத்தை நம்பாதீர்கள்

அன்றைய தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக வேலை செய்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருட்டு மாதிரி. எனவே நீலக் கண்கள் வெளிறிப் பேய்க்கண் போலத் தெரியும், சிவந்த தோலில் உள்ள புள்ளிகள் கருத்துத் தெரியும், சிவப்புப் பட்டுடை கறுப்பாக விழும். ஹெர்மன் ஃபோகல் 1873இல் சாயம் சேர்த்துத் தகட்டைப் பிற நிறங்களுக்கும் பழக்க வழி கண்டபோதிலும், ஸ்டுடியோக்களில் அது பரவச் சில ஆண்டுகள் பிடித்தன. கறுப்பாகத் தெரிவதெல்லாம் கறுப்பல்ல என்பதை இந்தப் படியில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். துக்க உடையைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் தேவைப்படும்.

நான்காம் படி: உடலைக் காலிலிருந்து மேல்நோக்கி வாசியுங்கள்

முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகத்தை அவர்கள் மிகவும் காவல் காத்தார்கள். காலையும் கையையும் அந்த அளவுக்குக் காக்கவில்லை.

ஒரு காலில் எடையை ஊன்றி மறு காலை இலேசாக மடக்கி நிற்பது பழைய சிற்பங்களிலிருந்து ஓவியத்துக்கும், ஓவியத்திலிருந்து ஸ்டுடியோவுக்கும் வந்த நிலை. உயர்குடி ஆண்களின் ஓவியங்களில் ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே போட்டுத் தூணில் சாய்ந்திருப்பதும் அப்படித்தான். இந்த நிலையைப் பழகியவர் எளிதாக நிற்பார். பழகாதவரோ இரண்டு பாதங்களையும் தரையில் அறைந்து வைத்தாற்போல நிற்பார்; மேலே கை மட்டும் ஸ்டுடியோக்காரர் சொன்னபடி நளினமாக வளைந்திருக்கும். அந்தப் பொருத்தமின்மையில்தான் அவரை மனிதராகப் பார்க்கிறோம்.

அடுத்து கை. கோட்டுக்குள் கையைச் செருகிய நிலையைக் கண்டதும் நெப்போலியன் என்று சொல்லிவிடுவோம். ஆனால் நெப்போலியன் பிறப்பதற்கு முன்பே, 1737இல் லண்டனில் வெளியான நன்னடத்தை நூல் ஒன்று, அடக்கமும் துணிவும் கலந்த ஆணின் நிலையாக அதைப் பரிந்துரைத்திருந்தது. ஸ்டுடியோவில் அது நீடித்ததற்கு இன்னொரு காரணம், செருகிய கை ஆடாது என்பது. கருவியின் தேவையும் பழைய மரபும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது அந்தத் தோரணை அசைக்க முடியாததாகிவிடுகிறது.

பார்வை கேமராவைச் சந்திக்கிறதா, விலகிச் செல்கிறதா என்பதையும் குறியுங்கள். விலகிய பார்வை சிந்தனையையோ தொலைநோக்கையோ சுட்டுவதாக அன்று கொள்ளப்பட்டது. அரசியலாளரும் கவிஞரும் அதை விரும்பினார்கள். அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி அதற்கெதிராகப் பேசியும் எழுதியும் வந்த ஃப்ரெடரிக் டக்ளஸின் 160க்கும் மேற்பட்ட தனித்தனிப் படங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் அவர் பெரும்பாலும் எளிய பின்புலத்தில், இறுகிய முகத்தோடு இருக்கிறார். சிலவற்றில் பார்வை நேராக நம்மைத் தைக்கிறது. கறுப்பினத்தவரைச் சிரித்து மகிழ்விக்கும் பாத்திரங்களாகவே வரைந்து பழகிய சமூகத்தின் முன் வைத்த மறுப்பு அது. இரண்டாம் படியில் கண்ணியம் என்று சொன்ன அதே மூடிய உதடு இங்கே வாதமாகிவிடுகிறது. யார் அணிகிறார் என்பதைப் பொறுத்து ஒரே தோரணைக்கு எடை மாறும்.

ஐந்தாம் படி: பொருள்களைக் கேள்வி கேளுங்கள்

லிங்கனிடமிருந்து தொடங்கலாம். 1860 பிப்ரவரி 27 அன்று, நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் உரையாற்றும் நாளில், அவர் மாத்யூ பிரேடியின் ஸ்டுடியோவில் நின்றார். அந்தப் படத்தில் பின்னால் தூண், பக்கத்தில் மேசை, அதன் மேல் புத்தகங்கள், புத்தகத்தின் மேல் ஊன்றிய கை. நீண்ட கழுத்து தெரியாதபடி பிரேடி அவருடைய கழுத்துப்பட்டையை மேலே இழுத்துவிட்டார். ஊன்றிய கை ஆடாது, அது கருவிக்காக. ஊன்றிய இடம் புத்தகம். அது கல்வியைச் சொல்வதற்காக. தூண், அரசியல் மேதைகளின் ஓவியங்களில் காலங்காலமாக நிற்கும் அதே தூண். மேற்குப் பகுதியிலிருந்து வந்த வழக்கறிஞரை அது ஆட்சிக்குரியவராக நிறுத்துகிறது. கழுத்துப்பட்டை மட்டும் எந்தக் குறியீட்டிலும் சேராது. அது வெறும் அலங்கார உதவி. ஒரே படத்தில் இவை நான்கையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றப் படங்களும் பிடிபட்டுவிடும்.

தூணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இலேசான மரத்தால் செய்த தூண் கம்பளத்தின் மேல் நிற்கும்; கல் தூண் கம்பளத்தின் மேல் எப்படி நிற்கும் என்று அன்றே கேலி செய்தார்கள். அதே ஸ்டுடியோவின் பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதே தூண், அதே திரைச்சீலை, அதே கைப்பிடிச் சுவர் திரும்பத் திரும்ப வரும். அப்படி வருவது ஸ்டுடியோவின் சொத்து. அதில் உட்கார்ந்தவரின் குணத்தைத் தேடக் கூடாது. வராத பொருள்தான் பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்தது. 1854இல் கார்ட் டி விசீட்டுக்குக் காப்புரிமை பெற்ற பாரிஸ்காரர் டிஸ்டேரியின் வெட்டப்படாத தாள்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரே தகட்டில் எட்டு சிறு படங்கள்: தொப்பியோடு நிற்கிறார், தொப்பியை மேசையில் வைக்கிறார், உட்கார்ந்து படிக்கிறார், சாய்கிறார். சில நிமிடங்களில் ஒருவர் நான்கு மனிதர்களாகிவிடுகிறார். தனித்து வெட்டிய ஒன்று மட்டும் நம் கையில் கிடைக்கும்போது, படித்துக்கொண்டிருக்கும் அந்த ஒருவரைத்தான் அவர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

புத்தகத்தில் விரலைச் செருகி வைத்திருந்தால், படிப்பின் நடுவில் நிமிர்ந்து பார்ப்பதான பாவனை. இதுவும் ஓவியத்திலிருந்து வந்ததே. கையில் டாகரோடைப் வைக்கும் சிறு பெட்டி, மூடியோ திறந்தோ, இருந்தால் கவனமாகப் பாருங்கள்: அது பெரும்பாலும் அங்கே வர முடியாத ஒருவர், தொலைவில் இருப்பவர் அல்லது இறந்தவர். தொழிற்கருவியோடு எடுத்த படங்கள் தனி இனம். கொல்லரும் தச்சரும் காலணி தைப்பவரும் வேலை உடையோடே வந்து, சுத்தியலையும் ரம்பத்தையும் ஏந்தி நின்றார்கள். ஸ்டுடியோ தரும் தூணை மறுத்து, தன் கருவியைக் கொண்டுவந்தவர் தன்னைப் பற்றித் தானே பேசுகிறார் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

பூக்களைப் பொறுத்தவரை நான் கஞ்சன். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொல்லும் அகராதிகள் அக்காலத்தில் ஏராளமாக விற்றன. அவை ஒன்றோடொன்று முரண்படவும் செய்தன. படத்தில் உள்ள பூ எது என்றே பல சமயம் தெரியாது, ஸ்டுடியோ வைத்திருந்த துணிப்பூவாகவும் இருக்கலாம். வேறு சான்று இல்லாமல் பூவை மட்டும் வைத்து வாழ்க்கை வரலாறு எழுதாதீர்கள்.

ஆறாம் படி: ஒருவருக்கு மேல் இருந்தால் தொடுகையைப் பாருங்கள்

கணவர் அமர்ந்திருக்க மனைவி நின்று அவர் தோளில் கை வைத்திருக்கும் படத்தைக் கண்டதும் அதிகாரப் படிநிலை என்று எழுதிவிடுவது எளிது. படிநிலை இருக்கலாம். ஆனால் நின்றால்தான் உடையின் முழு விரிவும் தெரியும், உட்கார்ந்தால்தான் உயரமான ஆணின் தலை மனைவியின் தலைக்கு அருகே வரும், தோளில் வைத்த கை ஆடாது என்பவையும் சேர்ந்தே இருக்கின்றன. எனவே யார் நிற்கிறார் என்பதைவிட, கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விரல்கள் தோளை அழுத்துகின்றனவா, அல்லது வைக்கச் சொன்ன இடத்தில் கையுறை போல வெறுமனே கிடக்கின்றனவா? குழந்தையின் பின்னால் விசித்திரமாகத் துணி போர்த்திய குவியல் தெரிந்தால் அது குழந்தையை அசையாமல் பிடித்திருக்கும் தாயாகவோ உதவியாளராகவோ இருக்கும். படத்தைச் சட்டமிடும்போது மறைந்துவிடும் என்று விட்டிருப்பார்கள்.

ஏழாம் படி: துக்கத்தை அவசரப்பட்டு அறிவிக்காதீர்கள்

கறுப்புப் பட்டு அன்றைய பெண்களுக்கு வழக்கமான நல்ல உடை. துக்க உடையின் அடையாளம் நிறம் அல்ல, மங்கல். துக்கத்துக்குரிய க்ரேப் துணி சுருக்கம் விழுந்து, ஒளியைத் திருப்பாமல் விழுங்கும். நகைகள் பளபளக்கும் பொன்னாக இல்லாமல் ஜெட் என்னும் கரிய கல்லாக இருக்கும். மடிப்புகளின் முகட்டில் பளிச்சென்று ஒளிக்கீற்று ஓடினால் அது பெரும்பாலும் பட்டு. கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்த பிறகு, விக்டோரியா அரசியும் பிள்ளைகளும் கறுப்பு உடையில் அவருடைய மார்பளவுச் சிலையைச் சூழ்ந்திருக்கும் 1862ஆம் ஆண்டுப் படம் துக்கப் படங்களின் இலக்கணம் என்றே சொல்லலாம்: உடையின் மங்கல், சிலையை நோக்கிய பார்வை, அவர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய உருவம்.

இறந்தவரைப் படமெடுக்கும் வழக்கம் உண்மையாகவே பரவலாக இருந்தது. பெரும்பாலும் படுக்கையில், தூங்குவது போலவோ, தாயின் மடியிலோ. ஆனால் தலைதாங்கி தெரிவதால் ‘இது நிறுத்தி வைத்த பிணம்’ என்று இணையத்தில் உலவும் கதைகளை நம்ப வேண்டாம். அந்தத் தாங்கி உயிருள்ளவரின் தலையை நிலைப்படுத்தத்தான் பயன்படும். உடலின் எடையை அது தாங்காது. தாங்கி இருக்கிறது என்றால், நின்றவர் ஆடக்கூடியவர், அதாவது உயிரோடு இருந்தவர் என்பதே பொருள்.

எட்டாம் படி: தோரணைக்கு உரியவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போனது. 1882 ஜனவரியில் நியூயார்க்கில் புகைப்படக்காரர் நெப்போலியன் சாரோனி, எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டை எடுத்த படங்களில் ஒன்றை ஓர் அச்சு நிறுவனம் அனுமதியின்றி 85,000 பிரதிகள் அச்சிட்டது. கேமரா இயந்திரம்தானே, படத்துக்கு ஆசிரியர் எப்படி இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாரோனியே ஆசிரியர் என்றது. வைல்டை அமர்த்தியது, உடையையும் திரையையும் பிற பொருள்களையும் தேர்ந்து ஒழுங்கு செய்தது, ஒளியையும் நிழலையும் வகுத்தது, அந்த முகபாவத்தை வரவழைத்தது ஆகியவற்றையே காரணமாகச் சொன்னது. சட்டத்தின் கண்ணில் தோரணை நிறுத்தியவருக்குச் சொந்தம். முன்னோக்கிச் சாய்ந்து கன்னத்தில் கை வைத்திருக்கும் வைல்ட், தன் உடையையும் பாவனையையும் கொண்டே பேர் வாங்கிய மனிதர் என்பதை நினைத்தால் இந்தத் தீர்ப்பு எனக்கு எப்போதும் சிறு புன்னகையை வரவழைக்கும்.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சோஜர்னர் ட்ரூத் வேறு விடை தந்திருந்தார். அடிமையாகப் பிறந்த அவர், தன் கார்ட் டி விசீட்களைத் தானே விற்று, 1864இல் தன் பெயரிலேயே பதிப்புரிமையும் பதிந்துகொண்டார். வெள்ளைத் தொப்பி, சால்வை, மூக்குக்கண்ணாடி. கையில் பின்னிக்கொண்டிருக்கும் நூல். பக்கத்து மேசையில் புத்தகமும் பூச்சாடியும். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். புத்தகமும் பூவும் நடுத்தர வீட்டுக் கூடத்தின் வழக்கமான பொருள்கள். நூல் உழைப்பின் அடையாளம். இன்னொரு படத்தில் போர்க்களத்தில் சிறைப்பட்ட பேரனின் படம் மடியில் இருக்கிறது. அட்டையின் அடியில் அச்சிட்ட வாசகம், மெய்ப்பொருளைக் காக்க நிழலை விற்கிறேன் என்று சொல்கிறது. நிழல் என்பது அன்று புகைப்படத்துக்கு வழங்கிய பெயர். ஒரு காலத்தில் அவர் உடலையே பிறர் விற்றார்கள்; இங்கே நிழலை விற்பவர் அவர்தான். தூணும் திரையும் ஸ்டுடியோவுடையதாக இருந்தாலும், தோரணை யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

ஒன்பதாம் படி: மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள்

தாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டு, முதல் பத்தியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். இரண்டாவதில் கருவியின் தேவையை. மூன்றாவதில் எஞ்சும் பொருளையும் அது யாருடையது என்பதையும். உதாரணமாகப் பெயர் தெரியாத கார்ட் ஒன்று: நடுவயதுப் பெண் நாற்காலியின் பின்னால் நிற்கிறார், வலக்கை நாற்காலி மேல், இடக்கையில் திறந்த டாகரோடைப், கறுப்பு உடை. நாற்காலி மேல் உள்ள கை நிலைக்காக. கறுப்பு, மடிப்பில் ஒளி ஓடுவதால் பட்டாக இருக்கலாம். நாற்காலி அதே ஸ்டுடியோவின் வேறு படங்களிலும் வருகிறது. எஞ்சுவது அந்தத் திறந்த பெட்டி ஒன்றுதான். அதில் உள்ள முகம் உருப்பெருக்கியில்கூடத் தெளியவில்லை. ஆனால் அவர் பெட்டியைத் தன் பக்கம் திருப்பிப் பிடிக்கவில்லை, நம் பக்கம் திருப்பியிருக்கிறார். விளிம்பில் அழுந்திய கட்டைவிரல் இலேசாக மங்கியிருக்கிறது. மூன்றாம் பத்தியில் எழுத அதுவே போதும்.